உயர்த்தப்பட்ட தரை: சாண்டி ஹூக் பிள்ளைகள் மன்ரோவில் படித்த மூன்றரை வருடம்

2012 டிசம்பர் கடைசி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் காலத்திலும் ஆட்கள் ராப்பகலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் பெயர் சாக் ஹில். அது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் படித்த இடைநிலைப் பள்ளி. இப்போது அங்கே வரப்போவதோ ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையிலான சிறுசுகள். கழிப்பறையில் எதுவும் அவர்களுக்கு எட்டாது. அதனால் கழிப்பறைத் தரையையே உயர்த்தினார்கள்.

சாண்டி ஹூக் பள்ளியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துப்பாக்கியைப் பற்றியது, சட்டத்தைப் பற்றியது, வழக்குகளைப் பற்றியது. என் மனதில் தங்கியது இந்தத் தரைதான். ஒரு பள்ளியை இடித்துக் கட்டும்போது பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது என்ற, பார்க்கச் சின்னதாகத் தெரிகிற நிர்வாகக் கேள்விக்கு, மிக மோசமான ஒரு சூழ்நிலையில் ஓர் ஊர் எப்படிப் பதில் தேடியது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நடந்த கொடுமையைப் பற்றித் தேவையான அளவுக்கு மேல் சொல்லப்போவதில்லை.

தேவையான அளவு இதுதான். நியூட்டவுன் என்ற ஊரின் ஒரு பகுதி சாண்டி ஹூக். அங்கே 1956-இல் கட்டிய தொடக்கப் பள்ளியில் மழலை வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை சுமார் 450 பிள்ளைகள் படித்தார்கள். 2012 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை காலை, துப்பாக்கியோடு உள்ளே புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் தலைமையாசிரியை உட்படப் பெரியவர்கள் 6 பேரையும் கொன்றான். இறந்த குழந்தைகள் அத்தனை பேரும் முதல் வகுப்பு. மற்ற பிள்ளைகளைத் தெருமுனையில் இருந்த தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகு ஒரு நாளும் வகுப்பு நடக்கவில்லை.

நியூட்டவுனின் மற்றப் பள்ளிகள் அடுத்த செவ்வாய்க்கிழமையே, அதாவது 18-ஆம் தேதியே திறந்துவிட்டன. சாண்டி ஹூக் பிள்ளைகளை என்ன செய்வது?

கையில் இருந்த சுலபமான வழி, அவர்களைப் பிரித்து அனுப்புவது. ஹாலி, மிடில் கேட், ஹெட் ஓ மெடோ என்று அதே ஊரில் வேறு மூன்று தொடக்கப் பள்ளிகள் இருந்தன. வகுப்புக்கு நாலைந்து நாற்காலி கூடுதலாகப் போட்டால் கணக்கு முடிந்துவிடும். புதுக் கட்டடம் தேவையில்லை, செலவும் கம்மி. எந்த நாட்டிலும் கல்வி அதிகாரிகளின் கை முதலில் நீள்வது இந்த வழியை நோக்கித்தான். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அந்த 450 பேரும் மற்ற மூன்று பள்ளிகளில் 'அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை' ஆகியிருப்பார்கள். சாண்டி ஹூக் என்ற பள்ளி அன்றோடு முடிந்திருக்கும்.

பக்கத்து ஊரான மன்ரோ உடனே முன்வந்தது. அவர்களுடைய சாக் ஹில் பள்ளி 2011-இல் மூடப்பட்டுச் சும்மா இருந்தது. பழைய பள்ளியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். அந்த வார இறுதிக்குள்ளேயே பேச்சு ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த வாரம் வண்டிகள் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கின. ஒரு ஊரின் பள்ளி இன்னோர் ஊரின் கட்டடத்தில், அந்த ஊர்ப் போலீஸ் காவலில் நடக்கப்போகிறது. சாதாரணக் காலமாக இருந்தால் இதற்கு ஒப்பந்தம் எழுதவே ஆறு மாதம் ஆகியிருக்கும்.

கிடைத்தது மொத்தம் இருபது நாள். அதற்குள் என்னென்ன செய்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள், தச்சர்கள் எனப் பலர் கூலி வாங்காமல் வந்து வேலை செய்தார்கள். சுவருக்கு வர்ணம் அடித்தார்கள், பாதுகாப்புக் கருவிகள் பொருத்தினார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, புது மேஜை நாற்காலி வாங்காததுதான். அந்த வாரங்களில் சாண்டி ஹூக் பள்ளிக்கு என்று கேட்டிருந்தால் எந்தக் கம்பெனியும் லாரி லாரியாகப் புதுச் சாமான் அனுப்பியிருக்கும். ஆனால் பழைய பள்ளியில் பிள்ளைகள் உட்கார்ந்த அதே மேஜைகளைத்தான் கொண்டுவந்தார்கள். அன்று காலை விட்டுவிட்டு ஓடிய புத்தகப் பைகளையும் கொண்டுவந்தார்கள். கூடியவரை பழைய வகுப்பறை மாதிரியே புது அறையையும் அமைத்தார்கள். படங்களும் அறிவிப்புப் பலகைகளும்கூடப் பழைய மாதிரியே.

இதைப் பற்றி எனக்கே இரண்டு மனம் இருக்கிறது. அவ்வளவு பயந்த ஒரு குழந்தைக்கு முன்னால் அதே மேஜையைக் கொண்டுபோய் வைப்பது சரியா? பெரியவனாக யோசித்தால், எல்லாம் புதிதாக இருக்கட்டும், பழசு எதுவும் கண்ணில் படவேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது கட்டடமா? அதற்குத் தெரிந்தது தன் பை மாட்டும் இடம், தன் மேஜை, தன் டீச்சர். கட்டடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனதன் நியாயம் இதுதான்.

டீச்சர் விஷயத்தில் இன்னொரு நல்ல முடிவும் எடுத்தார்கள். தலைமையாசிரியை இறந்துபோயிருந்தார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து நெருக்கடி மேலாண்மையில் பேர்போன ஒருவரைக் கூட்டிவரவில்லை. அதே பள்ளியில் முன்பு தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைத்தார்கள். ஆசிரியர்களுக்கு அவர் தெரிந்த முகம்.

ஜனவரி 2 அன்று பெற்றோரும் பிள்ளைகளும் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். 3-ஆம் தேதி, வியாழக்கிழமை, வகுப்பு தொடங்கியது. எப்போதும் போலப் பள்ளிப் பேருந்திலேயே அனுப்புங்கள், பழகிய வழக்கம் திரும்பட்டும் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள். அதே சமயம், விருப்பப்பட்டால் கூடவே வரலாம், வகுப்பிலோ அரங்கத்திலோ உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். முதலாவது பிள்ளைகளுக்காக, இரண்டாவது பெற்றோருக்காக என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வழியெங்கும் வரவேற்புப் பலகைகள், பள்ளியின் நிறங்களான பச்சையும் வெள்ளையும். உள்ளே காகிதத்தில் வெட்டிய பனித்துகள்கள் தொங்கின. மாநிலத்தின் பெற்றோர் ஆசிரியர் அமைப்பு, பனித்துகள் வெட்டி அனுப்புங்கள், புதுப் பள்ளியை அலங்கரிக்கலாம் என்று கேட்டிருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவிந்து, கடைசியில் போதும், இனி அனுப்பவேண்டாம் என்று சொல்லவேண்டியதாயிற்று.

இத்தனையும் செய்தபின், வாசலில் சாண்டி ஹூக் பள்ளி என்றே பெயர் எழுதினார்கள். 'தற்காலிக வளாகம்', 'கிளை' என்றெல்லாம் இல்லை.

*

அடுத்து, பழைய பள்ளியை என்ன செய்வது?

தேர்ந்தெடுக்கப்பட்ட 28 ஊர்ப் பிரதிநிதிகள் கொண்ட ஒரு குழு 2013-இன் முதல் மாதங்களில் இதை மட்டுமே பேசியது. பழையதைச் சீர் செய்து திரும்பப் போவது, அதே மனையில் இடித்துப் புதிதாகக் கட்டுவது, வேறு மனை தேடுவது என்று வழிகள். கூட்டங்களில் பெற்றோர் ஒரே குரலில் பேசவில்லை. என் பிள்ளை மறுபடி அந்த மண்ணில் கால் வைக்காது என்றார்கள் சிலர். அந்த இடத்தை ஒரு கொலைகாரனிடம் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே நியாயம்தான். இதில் ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மை எடுத்தால், தோற்ற பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடாகவும் இருக்கலாம். குழு அவசரப்படாமல் ஆசிரியர்களைத் தனியாக, கதவை மூடிக்கொண்டு சந்தித்து அவர்கள் சொன்னதையும் கேட்டது. கடைசியில் மே 10 அன்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்: இடிப்போம், அதே மனையில் புதிதாகக் கட்டுவோம்.

மாநில அரசு 5 கோடி டாலர் வரை தர ஒத்துக்கொண்டது. அந்தப் பணத்தை வாங்கி இந்த வேலையைச் செய்யலாமா என்று அக்டோபர் 5 அன்று ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. சம்மதம் என்று 4,504 பேர், வேண்டாம் என்று 558 பேர்.

அந்த மாதமே இடிப்பு தொடங்கியது. சாதாரணமாக ஒரு கட்டடத்தை இடித்தால் ஜன்னல், கதவு, கம்பி, செங்கல் எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகும். இங்கே அது நடந்துவிடக் கூடாது என்பதே பெரிய கவலை. ஒரு செங்கல் வெளியே போனாலும் மறுநாள் இணையத்தில் ஏலத்துக்கு வந்துவிடும். அதனால் தொழிலாளர்களிடம் எதையும் வெளியே பேசமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். மனையைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள், படம் எடுக்கத் தடை. எஃகை உருக்கினார்கள். செங்கல்லையும் கான்கிரீட்டையும் பொடியாக்கினார்கள். பிள்ளைகளை முன்கூட்டியே வேறு ஊருக்கு மாற்றியிருந்ததன் இன்னொரு பயன் இப்போது தெரிந்தது. இடிக்கிற சத்தத்தை அவர்கள் கேட்கவில்லை, அந்தத் தூசியைப் பார்க்கவில்லை. பல ஊர்களில் ஒரு பக்கம் இடித்துக்கொண்டே மறுபக்கம் பாடம் நடத்துகிறார்கள். சில சமயம் வேறு வழியில்லைதான். ஆனாலும் பிள்ளைகளைக் கொஞ்ச தூரத்தில் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புதுக் கட்டடத்தை வடிவமைத்தது நியூ ஹேவன் நகரத்தின் ஸ்விகல்ஸ் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம். பரப்பு 86,800 சதுர அடி, இரண்டு தளம். பழைய கட்டடம் நின்ற தடத்தின்மேல் புதியதை வைக்கவில்லை. அதே மனை, ஆனால் வேறு தடம். குழு ஒருமனதாக முடிவெடுக்க முடிந்ததற்கும், அதற்குப் பிறகு பிள்ளைகள் அங்கே போக முடிந்ததற்கும் இந்த நடுவழி உதவியிருக்கவேண்டும்.

வடிவமைப்பாளர்கள் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் கூட்டி யோசனை கேட்டார்கள். பாதுகாப்பு வேண்டும், ஆனால் சிறைச்சாலை மாதிரி இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்தார்கள் என்பது அழகு. கட்டடத்தின் முன்பக்கம் முழுவதும் மழைநீர்த் தோட்டம். கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் மழைநீர் அந்தப் பள்ளத்துச் செடிகளுக்கிடையே தங்கி மண்ணில் இறங்கும். அதைக் கடந்து உள்ளே போக மூன்று நடைபாலங்கள். பிள்ளைக்கு அது பாலம், விளையாட்டு. பாதுகாப்பு அதிகாரியின் கண்ணுக்கோ அது அகழி. அந்த மூன்று பாலத்தைத் தவிர முன்பக்கத்தில் வேறு வழியில்லை, வருகிறவர் யாராக இருந்தாலும் உள்ளேயிருந்து தெரியும். தரைத்தள வகுப்பறைகளின் ஜன்னல், வெளியே நிற்பவரின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி நிலம் தாழ்ந்திருக்கிறது. அடியைத் தாங்கும் கண்ணாடி. முகப்பில் மரப்பலகைகள் அலை அலையாக, சுற்றியுள்ள குன்றுகளைப் போல வளைந்து போகின்றன. பின்பக்கம் காட்டைப் பார்த்து, மரத்தின்மேல் கட்டிய வீடு மாதிரி ஒதுங்கி உட்கார்ந்து படிக்கச் சிற்றறைகள்.

பள்ளிக்குள் நினைவுச்சின்னம் வைக்கவில்லை. படிக்க வரும் பிள்ளை தினமும் காலையில் கல்லறையைக் கடந்து போகவேண்டாம் என்ற எண்ணம். ஊரின் நினைவிடம் பள்ளிக்கு அருகே வேறோர் இடத்தில், 2022 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே, தெருமுனைத் தீயணைப்பு நிலையத்தின் கூரையில் 26 செப்பு நட்சத்திரங்களைப் பதித்துவிட்டார்கள். தெரிந்தவர்களுக்குப் புரியும், தெரியாத குழந்தைக்கு அது வெறும் நட்சத்திரம்.

*

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்த நிகழ்வை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கணக்கால்தான்.

புதுப் பள்ளியில் வகுப்பு தொடங்கியது 2016 ஆகஸ்ட் இறுதியில். பிள்ளைகள் மன்ரோவுக்குப் போனது 2013 ஜனவரியில். இடையில் மூன்றரைக் கல்வியாண்டு. ஒரு பெரிய பள்ளிக்கு இடம் முடிவு செய்து, வாக்கெடுப்பு நடத்தி, இடித்து, வடிவமைத்து, கட்டி முடிக்க இது அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல வேகம்தான்.

ஆனால் சாண்டி ஹூக் பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்குமேல் ரீட் இடைநிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். 2012 டிசம்பரில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள், அதாவது தங்கள் வகுப்பிலேயே இருபது பேரை இழந்தவர்கள், 2016 ஜூனில் நான்காம் வகுப்பை முடித்தார்கள். மன்ரோவில் முடித்தார்கள். ஆகஸ்டில் புதுக் கட்டடம் திறந்தபோது அவர்கள் ரீட் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். யாரை நினைத்து ஊர் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியதோ அந்த வகுப்பு, அந்தப் பாலத்தின்மேல் ஒரு நாள்கூட மாணவர்களாக நடக்கவில்லை.

அவர்களுக்கு மூத்தவர்கள் யாரும் நடக்கவில்லை. அன்று மழலை வகுப்பில் இருந்தவர்கள் மட்டும் நான்காம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் புதுப் பள்ளியில் படித்தார்கள். மூன்றாம் வகுப்பும் அதற்குக் கீழேயும் இருந்த மற்ற எல்லாப் பிள்ளைகளும் அந்த நாளுக்குப் பிறகு சேர்ந்தவர்கள். அவர்களில், அந்த வருடம் மழலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களை விட்டால், மற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே சாண்டி ஹூக் பள்ளி மன்ரோவில் இருந்ததுதான். ஊரே 'திரும்புகிறோம்' என்று சொன்னபோது, அவர்கள் தங்கள் பள்ளியை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது துயரம் நடந்த ஊருக்கு மட்டும் உரிய கணக்கல்ல. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டினார்கள். ஆறே மாசம்தான் என்று சொல்லி எங்களை ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். முகூர்த்த நாளில் லீவு, மறுநாள் வகுப்பில் சாம்பார் வாசம். ஐந்தாம் வகுப்பை நான் அந்த மண்டபத்திலேயே முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போனேன். புதுக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த மண்டபத்தில் கரும்பலகை கிடையாது, ஏனென்றால் ஆறு மாசத்துக்கு எதற்குக் கரும்பலகை?

கட்டட ஒப்பந்ததாரருக்கு மூன்று வருடம் ஒரு வேலைக் காலம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அது பள்ளி வாழ்க்கையில் பாதிக்கு மேல். அதனால்தான் கழிப்பறைத் தரை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. இருபது நாள் அவகாசத்தில், எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்பதே தெரியாதபோது, 'கொஞ்ச நாள்தானே, சமாளித்துக்கொள்ளட்டும்' என்று யாரோ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதல் வகுப்புப் பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரை சமாளித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இந்த இடமாற்றத்தில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. பேருந்துப் பயணம் நீண்டது. வேறொரு ஊர்க் கட்டடத்தில் இருக்கும்போது பள்ளிக்கும் தெருவுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அந்தப் பிள்ளைகளைத் தெரியாது, பள்ளி விட்டதும் நடந்து வீட்டுக்குப் போக முடியாது. இருபது நாளில் அப்படியொரு கட்டடத்தைத் தயார் செய்ய முடிந்ததும், அன்று உலகமே அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். கூரை ஒழுகுவதால் இடம் மாறும் பள்ளிக்கு எந்தத் தச்சரும் இலவசமாக வரமாட்டார்.

2016 ஜூலை 29 அன்று புதுப் பள்ளியைப் பத்திரிகையாளர்களுக்கும் மக்களுக்கும் திறந்து காட்டினார்கள். வேண்டிய அளவு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வகுப்பு தொடங்கும் நாளில் மட்டும் வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நியூட்டவுனிலேயே ஹாலி என்று ஒரு தொடக்கப் பள்ளி இருப்பதாக ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? நூறு வருடப் பழமையான கட்டடம். காற்றோட்ட வசதிகளைப் புதுப்பிக்கும் பெரிய வேலைக்காக அதை 2022-23 கல்வியாண்டு முழுவதும் காலி செய்யவேண்டி வந்தது. பிள்ளைகளை எங்கே வைப்பது? ஒரு பகுதியை ரீட் பள்ளிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள், தங்கள் ஹாலி டீச்சர்களோடு, சாண்டி ஹூக் பள்ளிக்கு வந்து அந்த நடைபாலங்களைக் கடந்து உள்ளே போனார்கள்.